புஸ்த் சாகாத வருஷம்

ஸ்லோவேனிய மலையூர் போட்ஸ்காலாவில் ஒரு வருஷத்தில் எந்தக் கெட்டது நடந்தாலும் அதற்குக் காரணம் ஒரே ஆள்தான். பனி உருகத் தாமதமானால் அவன். கன்று செத்துப் பிறந்தால் அவன். கல்யாணம் நின்றுபோனால், பாதிரியாரின் கார் பள்ளத்தில் இறங்கினால், எல்லாம் அவன் வேலை. பெயர் புஸ்த். தலையில் இரண்டு கொம்பு, மூஞ்சியில் மரத்தில் செதுக்கிய முகமூடி, கழுத்து முதல் கால் வரை பைன் கிளையும் பாசியும் வைத்துக் கட்டிய நூறு கிலோ வேஷம். தவக்காலம் பிறப்பதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை அவனைத் தேவாலயச் சதுக்கத்துக்கு இழுத்து வந்து, வருஷத்து அக்கிரமங்களை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டி, கொட்டாப்புளியால், அந்தப் பெரிய மரச்சுத்தியலால், ஒரே போடு. போடுவது பக்கத்தில் கிடக்கும் மரக்கட்டை மேல்தான். ஆனாலும் புஸ்த் பொத்தென்று விழுந்து சாவான், குளிர் அவனோடு போகும், ஊரே குடிக்கப் போகும். அதற்கப்புறம் பழைய வம்பை யாராவது கிளறினால், "அதுக்குத்தான் புஸ்த் செத்தாச்சே, இன்னும் என்னடா?" என்று வாயை அடைத்துவிடுவார்கள். வக்கீல் கிடையாது, வாய்தா கிடையாது. இவ்வளவு மலிவான நியாயம் ஐரோப்பாவில் வேறு எங்கே கிடைக்கும், சொல்லுங்கள்.

பதினாலு வருஷமாக இப்படிச் செத்துக்கொண்டிருந்தவன் ராஃப்கோ. காப்பிக்கொட்டை அரைக்கும் இயந்திரம் செய்கிற தொழிற்சாலையில் லேத் ஓட்டுகிறவன். ஆள் வாட்டசாட்டம், பேச்சு குறைவு. புஸ்த்துக்கு வேறென்ன வேண்டும்? புஸ்த் வாயைத் திறக்கக் கூடாது. குற்றத்தைச் சொன்னால் கொம்பை ஆட்டி ஒத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஒவ்வொரு வருஷமும் அவனுக்கு வேஷத்தைக் கட்டிவிடுவது பக்கத்து லேத்துக்காரன் ஹசிப். எல்லாம் ஒரே நாடாக இருந்தபோது பாஸ்னியாவிலிருந்து இருபது வயதில் பிழைக்க வந்தவன், இங்கேயே இருபது வருஷம் ஆகிவிட்டது. முதுகுப் பக்கத்துக் கயிறுகளை இழுத்துக் கட்ட அவனைப்போல் ஊரில் ஆள் இல்லை.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் நமக்கு ஒரு நாடு பிறந்தது. ஜூன் மாதம் ஸ்லோவேனியா தனி நாடு என்று அறிவித்தார்கள், பத்து நாள் சண்டை நடந்தது, அக்டோபரில் பணத்தின் பெயர் மாறியது, தை பிறந்ததும் ஐரோப்பாவே நம்மை அங்கீகரித்தது. கொடியைப் பார்த்துப் பார்த்து அழுதவர்களில் ராஃப்கோவும் ஒருவன், பொய் சொல்வானேன். ஆனால் அவன் செய்த இயந்திரங்களில் காப்பிக்கொட்டை அரைத்தவர்கள் எல்லாம் பழைய நாட்டின் அந்தக் கோடியில், பெல்கிரேடிலும் ஸ்கோப்யேவிலும் இருந்தார்கள். நடுவில் எல்லை முளைத்துவிட்டது. பிப்ரவரியில் தொழிற்சாலையிலிருந்து அறுபது பேரை வீட்டுக்கு அனுப்பப்போவதாகப் பேச்சு வந்தது.

அந்த வாரமே டைரக்டர் போகோமிர் ராஃப்கோவின் சமையலறைக்கு வந்து உட்கார்ந்தார். கையில் பிளம் சாராயப் புட்டி. போன வருஷம் வரைக்கும் அவர் தோழர் போகோமிர். கட்சிக் கூட்டத்தில் கை தட்டாதவன் பெயரைக் குறித்துக்கொண்ட மனிதர். இப்போது போகோமிர் ஐயா. கோட்டில் சின்னக் கொடி குத்தியிருந்தார்.

"ராஃப்கோ, இந்த வருஷ புஸ்த்த எனக்கு விட்டுக்குடு."

"எதை?"

"வேஷத்தப்பா. நான் கட்டிக்கிறேன்."

அடுப்பில் கிண்டிக்கொண்டிருந்த ராஃப்கோவின் மனைவி யுஸ்தினா கரண்டியை நிறுத்தினாள்.

"ஐயா, அது நூறு கிலோ. உங்களுக்கு ஃபைல தூக்கியே தோள் வலிக்குதுன்னு போன வருஷம் லீவு போட்டீங்க" என்றாள்.

போகோமிர் சிரித்தார். கோபப்பட வேண்டிய இடத்தில் சிரிக்கிற ஆளைப் பார்த்தால் ராஃப்கோவுக்கு எப்போதுமே கொஞ்சம் பயம்.

"வருஷக் கடைசில தேர்தல் வருது, யுஸ்தினா. பாராளுமன்றம்! நம்ம நாட்டோட முதல் பாராளுமன்றம். ஊருக்காக நாலு பழி சுமந்தா என்ன குறைஞ்சிரும்? ராஃப்கோ, இதப் பாரு. அறுபது பேர்ல உன் பேரும் இருக்கு. நாளைக்கு இருக்காது. கொட்டாப்புளியையும் நீயே எடுத்துக்கோ. என்னை அடிக்கிற சந்தோஷம் உனக்கே இருக்கட்டும்!"

"ஹசிப்போட பேரு?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு?"

ராஃப்கோவுக்கு வயது நாற்பத்தாறு. இந்த வேலை போனால் வேறு வேலைக்கு அந்தப் பள்ளத்தாக்கில் எவனும் கூப்பிட மாட்டான். அவன் தலையாட்டினான். பதினாலு வருஷமாகக் கொம்பை ஆட்டிப் பழகிய தலைதானே.

டைரக்டர் போனதும் யுஸ்தினா கரண்டியால் சட்டியைத் தட்டினாள். "ஏய்யா, அவனவன் வீட்ட விப்பான், மாட்ட விப்பான். நீ உன் சாவையே வித்துட்டியே! அதுவும் யாருக்கு? நேத்து வரைக்கும் பாதிரியாரப் பாத்தா ரோட்டு அந்தப் பக்கம் தாண்டிப் போன ஆளுக்கு."

"வேலை இருக்குல்ல, சும்மா இரு."

"இருக்கேன். நீயும் இரு. தொழிற்சாலையில நீ மட்டும் தனியா இரு."

வேஷத்தைக் கட்டிவிட ஹசிப்பைத்தான் கூப்பிட்டார்கள். போகோமிருக்குக் கயிறு கட்டிக்கொண்டே அவன் ராஃப்கோவிடம் மெதுவாகச் சொன்னான்: "அண்ணே, எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல. ரெண்டு பேரும் போறதுக்கு ஒருத்தராவது உள்ள இருந்தா நல்லதுதான். ஐயா, மூச்ச உள்ள இழுங்க. வயித்துல கயிறு நிக்க மாட்டேங்குது."

செவ்வாய்க்கிழமை மத்தியானம் சதுக்கத்தில் நிற்க இடமில்லை. நீதிபதி வழக்கம்போலக் கசாப்புக் கடை பாவ்லின். தொப்பிக்குப் பதில் தலையில் வெண்ணெய்ச் சட்டி, தோளில் மனைவியின் கறுப்புச் சால்வை. புஸ்த்தைச் சங்கிலியில் கட்டி இழுத்து வந்தார்கள். போகோமிர் நான்கு அடிக்கு ஒருமுறை தடுமாறினார். உள்ளே யார் என்று ஊருக்கே தெரியும். "தைரியசாலிடா!" என்றார்கள். அட, அந்த ஒரு சொல்லுக்குத்தானே அவர் வந்தது.

"ஜூன் மாசம் வழி தெரியாம வந்த பீரங்கி வண்டி என் முட்டைக்கோஸ் பாத்தியில ஏறி நின்னுச்சு. உள்ள இருந்த பையன் என்கிட்டயே வழி கேட்டான். செஞ்சது யாரு?" என்று பாவ்லின் கத்தினான்.

"புஸ்த்!" என்றது ஊர். கொம்பு ஆடியது.

"ஐரோப்பாக்காரன் நம்மள நாடுன்னு ஒத்துக்க ஏழு மாசம் யோசிச்சான். இவனுங்க கல்யாணத்துக்கே அவ்வளவு நாள் யோசிக்க மாட்டானுங்க! யாரால?"

"புஸ்த்!"

"ஆகஸ்ட்டுல பெஞ்ச கல்மழையில ரெசிகா வீட்டுக் கூரை ஓடு மட்டும் உடைஞ்சது. பக்கத்துல அவ நாத்தனார் வீட்டு ஓட்டுல ஒரு கீறல் இல்ல. யாரால?"

"நாத்தனாரால!" என்று கூட்டத்திலிருந்து ரெசிகாவே கத்தினாள். சிரிப்பு அடங்கவே நேரமானது. கடைசியில் அதையும் புஸ்த் தலையில்தான் கட்டினார்கள்.

பிறகு பாவ்லின் குரலை இறக்கினான். "காப்பி மெஷின் தொழிற்சாலையில அறுபது பேருக்கு வேலை போகுது. புது லேத்துங்க பத்து, ஜெர்மனியிலருந்து வந்தது, காணோம். செஞ்சது யாரு?"

யாரும் "புஸ்த்" என்று கத்தவில்லை. டைரக்டருக்குத் தெரியாமல் லேத் நகராது என்று தெரிந்த எல்லோரும் முகமூடியையே பார்த்தார்கள். அந்த முகமூடி மெல்லக் குனிந்து, மூன்று தடவை, அழகாக, தலையாட்டியது. பிறகு தானாகவே முழங்காலில் விழுந்தது. நூறு கிலோவோடு முழங்காலில் விழுவது சாமானியமில்லை, ராஃப்கோவுக்கே வராத வித்தை. முன்வரிசையில் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள்.

"ஒத்துக்கிட்டாருடா மனுஷன்" என்றார்கள். "பெரிய மனசு." "இந்த மாதிரி ஆளுதான் பாராளுமன்றத்துக்குப் போகணும்."

ராஃப்கோ கொட்டாப்புளியைத் தூக்கினான். தூக்கும்போது ஹசிப்பைப் பார்த்தான். வேலை போன ஹசிப். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கையைத் தட்டிக்கொண்டு நின்றான். "பாவம்ண்ணே, எவ்வளவு கனத்தத் தூக்கிட்டு நிக்கிறாரு" என்றான்.

அப்போதுதான் ராஃப்கோவுக்கு உறைத்தது. இந்த ஒரு அடி விழுந்தால் கதை முடிந்தது. லேத்துகள் எங்கே என்று நாளைக்கு ஒருத்தன் கேட்க முடியாது, கேட்டால் "அதுக்குத்தான் செத்தாச்சே" என்பார்கள். வேஷம் போட்டவன் செய்யாத பாவத்துக்குச் சாவதுதான் விளையாட்டு. செய்தவனே வந்து வேஷம் கட்டிக்கொண்டு தலையைக் காட்டினால் அது விளையாட்டா? என்ன மூளைடா இந்த ஆளுக்கு என்று வியந்துகூடப் போனான்.

அவன் கொட்டாப்புளியை இறக்கிப் பனியில் வைத்தான்.

"அடிக்க மாட்டேன்."

"என்னது?" என்றான் பாவ்லின். வெண்ணெய்ச் சட்டி நெற்றிக்குச் சரிந்தது.

"நான் பதினாலு வருஷம் புஸ்த். நான் ஒரு பீரங்கியையும் கூப்பிடல, ஒரு ஓட்டையும் உடைக்கல. அதனால செத்தேன். இவரு செஞ்சிருக்காரு. செஞ்சவன எப்படிச் சாகடிக்கிறது? இருக்கட்டும் உயிரோட."

"டேய், கொல்லலன்னா குளிர் போகாதுடா!"

"போகாட்டிப் போகட்டும்."

"சாகாத புஸ்த் வருஷம் பூரா புஸ்த்தாவே இருப்பான். வேற ஒருத்தன் அடிக்கவும் முடியாது, கொட்டாப்புளிய எடுத்த கைதான் முடிக்கணும். உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்" என்று சொல்லிவிட்டு ராஃப்கோ வீட்டைப் பார்க்க நடந்தான். ஊரும் திட்டிக்கொண்டே கலைந்தது. சாவு இல்லையென்றால் சாராயமும் இல்லை. முழங்காலில் நின்ற போகோமிரால் எழுந்திருக்க முடியவில்லை, பேசவும் கூடாது. பனி விழ ஆரம்பித்த பிறகு ஹசிப்தான் திரும்பி வந்து கயிற்றை அவிழ்த்துவிட்டான்.

மறுநாள் காலை ராஃப்கோவுக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். யுஸ்தினா அவனுக்கு இரண்டு முட்டை அதிகமாகப் பொரித்துப் போட்டாள்.

அவன் எல்லை தாண்டி இத்தாலியில் ஒரு நாற்காலிப் பட்டறையில் கூலிக்குப் போனான். வாரக் கடைசிக்கு வியாழன் ராத்திரியே வந்துவிடுவான். வந்ததும் முதல் கேள்வி, "இந்த வாரம் டைரக்டர் என்னென்ன செஞ்சாரு?" என்பதுதான்.

என்னென்ன செய்யவில்லை! ஏப்ரல் கடைசி வரைக்கும் பனி. "எல்லாம் போகோமிர் வேலை." மே மாதம் நாடு ஐக்கிய நாடுகள் சபையில் சேர்ந்தது. தொலைக்காட்சியில் நம் கொடியை ஏற்றும் நேரம் பார்த்து ஊரில் மின்சாரம் போனது. "ஏய் புஸ்த்து!" என்று இருட்டில் தெருத்தெருவாகச் சத்தம் கேட்டது. கோடையில் ஒரு சொட்டு மழை இல்லை, புல் காய்ந்தது, மாட்டை அடிமாட்டுக்கு விற்றார்கள். ஒலிம்பிக்கில் நம் படகுக்காரர்கள் வெண்கலம் வாங்கினார்கள். இரண்டு வெண்கலம். ஆனந்தக் கண்ணீர் விட்டுக்கொண்டே, "தங்கத்த எவன்டா தடுத்தது?" என்று கேட்டு எல்லோரும் போகோமிர் வீட்டு ஜன்னலைப் பார்த்தார்கள்.

முதலில் எல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது. ராஃப்கோ வயிறு குலுங்கச் சிரித்தான். ரொட்டிக் கடையில் போகோமிர் நுழைந்தால் ரொட்டி தீர்ந்துவிடும். முடி வெட்டுகிறவன் ஒரு பக்கக் காதோரத்தைக் கோணலாக வெட்டிவிட்டு, "நான் நேராத்தான் வெட்டினேன், நீங்கதான் என்னமோ பண்ணிட்டீங்க" என்றான். டிசம்பர் தேர்தலில் போகோமிருக்கு அவருடைய தம்பியே ஓட்டுப் போடவில்லை என்று ஊர் சத்தியம் செய்தது.

ஆனால் சிரிப்போடு இன்னொன்றும் நடந்தது. ஊரில் யாருமே எதையுமே செய்வதில்லை என்றாகிவிட்டது. குடித்துவிட்டுப் பாலத்தில் வண்டியை மோதியவன் வண்டியை மோதவில்லை. பள்ளிக்கூடத்தில் தோற்ற பிள்ளை தோற்கவில்லை. பாவ்லின் கெட்டுப்போன தொத்திறைச்சியை விற்று ஒரு கல்யாண வீடே வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தது. அவன் கடை வாசலில் நின்று, "என்னையா கேக்குற? போகோமிரப் போய்க் கேளு" என்றான். புகார் சொல்ல வந்தவனும் சிரித்துக்கொண்டே போனான். பிறந்து இரண்டு வயதுகூட ஆகாத நாடு, இவ்வளவு சௌகரியமான பழக்கத்தை எப்படிச் சீக்கிரம் கற்றுக்கொண்டது பாருங்கள்.

தேர்தலுக்கு முந்தின இலையுதிர் காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை ஹசிப் ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்க ஊராட்சி அலுவலகத்துக்குப் போனான். ராஃப்கோவும் துணைக்குப் போனான். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் ஹசிப்பின் அடையாள அட்டையை வாங்கினாள், ஏதோ தேடினாள், பிறகு காகிதத்தில் ஓட்டை போடுகிற கருவியை எடுத்து அட்டையின் நடுவில் ஒரு குத்துக் குத்தினாள்.

"அம்மா, என்னம்மா பண்றீங்க?"

"நீங்க இங்க வசிக்கிறவங்க கணக்குல இல்ல. பாஸ்னியால பொறந்தவரு, புது நாட்டுக் குடியுரிமைக்கு எழுதிக் குடுக்கல. பிப்ரவரியிலயே உங்க பேர எடுத்தாச்சு."

"இருபது வருஷமா இங்கதானே இருக்கேன். இதோ, உங்க முன்னாடிதானே நிக்கிறேன்."

"நிக்கிறது வேற, இருக்கிறது வேற."

"யாரும்மா எடுத்தது? அவருகிட்டயாச்சும் போய்க் கேக்குறேன்."

அவள் தோளைக் குலுக்கினாள். வரிசையைப் பார்த்துச் சிரித்தாள். "வேற யாரு? புஸ்த்தான்."

வரிசை சிரித்தது. ராஃப்கோவும் சிரித்தான். பழக்கம். வாய் தானாகவே திறந்துகொண்டது. திரும்பிப் பார்த்தால் ஹசிப் ஓட்டை விழுந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த ஓட்டை வழியாகத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ராஃப்கோவுக்குத் தன் சிரிப்பை விழுங்க இடம் கிடைக்கவில்லை. இந்தச் சொல்லை இந்த ஊருக்கு வருஷம் பூராவும் எடுத்துக் கொடுத்தவன் அவன்தானே?

"என்னடா தம்பி... நான் சும்மா..." என்று இழுத்தான்.

"விடுண்ணே. எல்லாரும்தானே சிரிச்சாங்க."

அன்று வீட்டுக்கு வந்து அவன் சாப்பிடவில்லை. யுஸ்தினா விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தட்டை எடுத்தாள். "நல்லா இருக்கு. ஒருத்தன் தப்பிச்சிரக் கூடாதுன்னு நெனச்ச. ஊரே தப்பிச்சிருச்சு."

புது வருஷம் பிறந்து கொட்டிய பனியில், போகோமிர் மறுபடியும் அதே சமையலறையில் வந்து உட்கார்ந்தார். புட்டி இல்லை. கோட்டில் கொடி இல்லை. காதோர முடி இன்னும் கோணலாகவே இருந்தது.

"என்னைக் கொன்னுரு ராஃப்கோ" என்றார்.

"இப்ப என்ன அவசரம்?"

"எம்பொண்ணு வீட்டுல பேரன் கீழ விழுந்துட்டான். முட்டியில அடி. அவ எனக்கு போன் பண்ணித் திட்டுறாப்பா. என் சொந்தப் பொண்ணு! காதுல பூ சுத்தல, நெசமாச் சொல்றேன். இனிமே முடியல. வேஷத்தக் கட்டிக்கிறேன், ஒரே ஒரு அடி போட்டுரு."

ராஃப்கோ அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினான். "முகமூடியக் கழட்டிட்டு, வாயத் திறந்து சொல்லணும். லேத்து பத்தும் எங்க போச்சுன்னு."

"புஸ்த் பேசக் கூடாதே."

"போகோமிர் பேசலாம்ல?"

அந்த வருஷச் செவ்வாய்க்கிழமையும் சதுக்கம் நிறைந்திருந்தது. பாவ்லின் தலையில் அதே வெண்ணெய்ச் சட்டி. ஹசிப் கயிறு கட்டினான். குற்றங்கள் நீளமாகப் போயின. பனி, வறட்சி, மின்சாரம், வெண்கலம். கெட்ட தொத்திறைச்சியை மட்டும் பாவ்லின் வேகமாகப் படித்துத் தாண்டினான். ஒவ்வொன்றுக்கும் ஊர் குஷியாகக் கத்தியது. முடியும்போது புஸ்த் கையைத் தூக்கி முகமூடியைக் கழற்றியது.

"லேத்து பத்தும் ஆஸ்திரியாவுல என் மச்சினன் கொட்டகையில இருக்கு. ராத்திரியோட ராத்திரியா நான்தான் அனுப்பினேன். பெல்கிரேடு வியாபாரம் போனது பாதிக் காரணம்தான். மீதி நான். அறுபது பேரு வயித்துல அடிச்சது நான்தான்" என்றார் போகோமிர். இந்தத் தடவை நடிப்பில்லை.

ராஃப்கோ கூட்டத்தின் பக்கம் திரும்பினான். இதற்காகத்தானே ஒரு வருஷம், ஒரு வேலை, எல்லாம். ஊர் பொங்கும் என்று எதிர்பார்த்தான்.

"தெரியும்யா! மாட்டு முகமூடிய!" என்று யாரோ கத்தினார்கள். சிரிப்பு. "புஸ்த் பேசக் கூடாது! அதுவும் ஒரு குத்தம், எழுதிக்கோ!" மறுபடியும் சிரிப்பு.

பாவ்லின் சால்வையைச் சரிசெய்துகொண்டான். "இப்படி ஒரு புஸ்த் நமக்குக் கெடைக்க மாட்டான். வருஷம் பூரா ஒத்த ஆளா நின்னு எல்லாத்தையும் தாங்கினான். ஊரு என்ன சொல்லுது? இன்னும் ஒரு வருஷம் இருக்கட்டுமா?"

"இருக்கட்டும்! இருக்கட்டும்!"

"குளிரு?" என்று ரெசிகா கேட்டாள்.

"விறகு வாங்கிக்கலாம்!"

போகோமிர் ராஃப்கோவைப் பார்த்தார். பாசிக்கு நடுவில் அந்த முகம் அழுதது. போன வருஷம் ஊரே அடி அடி என்றபோது ராஃப்கோ அடிக்கவில்லை. இப்போது ஊரே வேண்டாம் என்கிறது. ஊராட்சி அலுவலக ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணும் முன்வரிசையில் நின்று, "இருக்கட்டும்" என்று கையைத் தட்டிக்கொண்டிருந்தாள். ஹசிப் மட்டும் கையில் மீந்த கயிற்றை வைத்துக்கொண்டு சும்மா நின்றான்.

ராஃப்கோ கொட்டாப்புளியை எடுத்தான். "டேய், தீர்ப்பு சொல்லலடா!" என்று பாவ்லின் பாய்வதற்குள் மரக்கட்டை மேல் ஓங்கி ஒரே போடு. தேவாலயக் கூரையிலிருந்த பனி சரிந்து விழுந்தது. போகோமிர் எத்தனையோ நாள் தூக்கம் கெட்டவர் மாதிரி அப்படியே மல்லாந்து சாய்ந்தார். சாய்ந்தவர் புன்னகை செய்துகொண்டே கிடந்தார்.

சதுக்கம் ராஃப்கோவை முறைத்தது.

"கெடுத்தியே! இனிமே என்னடா பண்றது?" என்றான் பாவ்லின்.

மறுநாளே கூரைகளில் பனி சொட்ட ஆரம்பித்தது. போகோமிர் அந்த மாதமே கடைத்தெருவில் ஒரு பீட்சாக் கடை திறந்தார். செத்தவர் சுத்தமானவர், லேத்து பற்றி ஒருத்தரும் மூச்சு விடவில்லை, கடை நன்றாகவே ஓடியது. பனி உருகி ஆற்றில் வெள்ளம் வந்து ரெசிகாவின் நிலவறையில் உருளைக்கிழங்கெல்லாம் மிதந்தன. அவள் நேராக ராஃப்கோ வீட்டு வாசலுக்கு வந்து நின்றாள்.

"நீ கொன்னதாலதான்யா உருகுச்சு! யாரு குடுப்பா என் கெழங்க?"

அவ்வளவுதான், ஊருக்கு ஆள் கிடைத்துவிட்டது. பாலம் ஆடினால் ராஃப்கோ. பால் திரிந்தால் ராஃப்கோ. யுஸ்தினாவுக்கே ரொட்டிக் கடையில் ரொட்டி தீர்ந்துபோக ஆரம்பித்தது. "போச்சு போ, பதினாலு வருஷம் வருஷத்துக்கு ஒரு நாள் புஸ்த்தா இருந்த. இப்ப வருஷம் பூரா" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

ஹசிப் மட்டும் அவனைக் குறை சொல்லவில்லை. மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை அவன் மறுபடியும் அந்த ஜன்னலுக்குப் போய்விட்டு வந்து ராஃப்கோ வீட்டு அடுப்படியில் உட்கார்ந்தான்.

"என்னடா சொன்னா?"

"பேர எடுத்தது யாருன்னு திரும்பவும் கேட்டேண்ணே. புஸ்த்தான் செத்துட்டானே, இப்பச் சொல்லுங்கன்னு." ஹசிப் காப்பியை ஊதினான். "போய் ராஃப்கோவக் கேளுன்னு சொல்லிட்டா. எல்லாம் சிரிச்சாங்க."

ராஃப்கோ நாற்காலியை விட்டு எழுந்து கோட்டை மாட்டினான். யுஸ்தினா பாலாடைக்கட்டியும் ரொட்டியும் ஒரு துணியில் கட்டி அவன் கையில் திணித்தாள்.

அலுவலகத்தில் வரிசை நீளமாக இருந்தது. இரண்டு பேரும் முறைப்படி நின்றார்கள். ஜன்னலுக்கு வந்ததும் ராஃப்கோ ஓட்டை விழுந்த அட்டையைப் பலகை மேல் வைத்தான்.

"வணக்கம்மா. இவரு பேர எடுத்தது நான்தான்."

பின்னால் சிரிப்புக் கிளம்பியது. அந்தப் பெண்ணும் சிரித்தாள். ராஃப்கோ சிரிக்கவில்லை, அட்டையை அவள் பக்கம் நகர்த்தினான்.

"நெசமாத்தான் சொல்றேன். இந்த வருஷம் நான்தானே எல்லாம் செஞ்சேன்? நீங்களே சொல்லியிருக்கீங்க. சரி, ஒத்துக்கிறேன். தப்புப் பண்ணிட்டேன். இப்ப அந்தப் பேரத் திரும்ப எழுதப் போறேன். எங்க எழுதணும், சொல்லுங்க."

"நீங்க எப்படி எழுத முடியும்?"

"நான்தானே எடுத்தேன்?"

"இல்ல... நீங்க எப்படி எடுத்திருக்க முடியும்? அது வந்து..." பின்னால் சிரிப்பு நின்றுபோயிருந்தது. வரிசை முழுக்க அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அப்ப நான் இல்லையா? யாரும்மா அப்ப?" என்று ராஃப்கோ பணிவாகக் கேட்டான்.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். சாப்பாட்டு நேரம் என்று ஒரு அட்டையை மாட்டிவிட்டு ஜன்னலைச் சாத்தினாள்.

ராஃப்கோ ஜன்னலுக்கு அடியிலேயே பெஞ்சை இழுத்துப் போட்டான். துணியை அவிழ்த்து ரொட்டியைப் பிட்டு ஹசிப்பிடம் நீட்டினான். "சாப்பிடு. திரும்பி வந்துதானே ஆகணும்."

வரிசையில் நின்றவர்கள் ஒருத்தரும் வீட்டுக்குப் போகவில்லை. ரெசிகா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்தாள்.

"இவ வந்ததும் என் கெழங்கப் பத்தியும் கேளுய்யா" என்றாள்.